நல்லது கெட்டதுக்கு நாலு பேர்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் பக்கம் ராசிங்காபுரம் இருக்கிறது. மேற்கே நிமிர்ந்தால் மலை. மலையேறி அந்தப் பக்கம் இறங்கினால் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்கள். விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக அந்தத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய், பொழுது சாயத் திரும்பும் பெண்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் ஏராளம். போகாத நாளுக்குக் கூலி கிடையாது. அப்படியும் அவர்கள் வேலைக்குப் போகாமல் நிற்கும் நாட்கள் உண்டு. காரணம் கேட்டால் உடம்புக்கு முடியாததைக்கூட அடுத்துத்தான் சொல்வார்கள். முதலில் வருவது நல்லது கெட்டது: கல்யாணம், காதுகுத்து, சடங்கு, சாவு வீட்டுக் கேதம்.

“நாம போகாம இருந்தா, நாளைக்கு நம்ம வீட்டுக்கு நாலு பேர் வேணாமாக்கா?”

போன கூலி அன்றோடு போயிற்று. ஒரு கேதத்துக்குப் போகாத பேச்சு இருபது வருஷம் நிற்கும். இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு சமூகம் எதை உயர்வாக நினைக்கிறதோ அது மனிதர்களின் நடத்தையை எப்படி வளைக்கிறது, அந்த நடத்தை அவர்களுடைய உடம்பையும் மனதையும் எந்த அளவுக்குத் தொடுகிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் அமையாது.

பண்பாட்டு விழுமியங்களை அளந்து காட்டப் புறப்பட்ட ஆய்வுகளில் பெரும்புகழ் பெற்றது டச்சு ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட்டின் வேலை. 1967 முதல் 1973 வரை பல நாடுகளில் ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து, 1980இல் வெளிவந்த நூலில் நாட்டுக்கு நாடு மதிப்பெண் போட்டார். தனிமனிதப் போக்கில் அமெரிக்காவுக்கு 91, இந்தியாவுக்கு 48. மேலாண்மைப் பாடப்புத்தகங்கள் இன்றுவரை இந்த எண்களை விடவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் சொன்ன பதிலை வைத்து ஒரு தேசத்துக்கே போட்ட அந்த 48, ராசிங்காபுரத்துக் காதுகுத்தில் யார் எங்கே உட்காருவார் என்பதைக்கூடச் சொல்லாது. அதற்கு மொய் நோட்டைத்தான் புரட்ட வேண்டும்.

மண்டப வாசலில் ஒரு மேசை, இரண்டு பேர். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணிப் பைக்குள் போடுவார், மற்றவர் எழுதுவார். நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். வெறும் பெயரை மட்டும் எழுதினால் போதாது. ஊர், தகப்பனார் பெயர், தொழில் அல்லது பட்டப்பெயர், அப்புறம்தான் தொகை. ஒரே ஊரில் பத்து முருகன், எட்டுப் பாண்டி இருக்கும்போது ‘மில்லு’, ‘டெய்லர்’, ‘மேட்டுத் தெரு’ என்று சேர்க்காவிட்டால் பின்னால் வம்பு வரும். தொகை 501, 1,001 என்று ஒரு ரூபாய் தூக்கலாக நிற்கும். இப்போது பல மண்டபங்களில் நோட்டுக்குப் பதில் லேப்டாப் வந்துவிட்டது. பணம் கொடுத்த கையோடு ரசீது கிடைக்கிறது. விசேஷம் முடிந்ததும் அந்தப் பட்டியல் பீரோவுக்குள், வீட்டுப் பத்திரத்துக்கும் நகை அடகுச் சீட்டுக்கும் பக்கத்தில் போய்ச் சேரும்.

அடுத்த வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும் முன் அது வெளியே வரும். நமக்கு அவர்கள் எவ்வளவு எழுதினார்கள், எந்த வருஷம்? பத்து வருஷத்துக்கு முன் எழுதிய ஐந்நூறுக்கு இன்றைக்கு ஐந்நூறே திருப்பினால் கணக்கு நேராகும், முகம் கோணும். கூட்டித்தான் எழுத வேண்டும். கூட்டி எழுதியது அவர்கள் தலையில் புதுக் கடனாக ஏறும். அவர்கள் திருப்பும்போது மறுபடி கூடும். வாங்கியதை மட்டும் பைசா சுத்தமாகத் திருப்பினால் ‘நமக்குள் இதோடு போதும்’ என்று சொல்லாமல் சொன்னதாகிவிடும். கணக்கு தீராமல் இருப்பதுதான் உறவு இருப்பதற்கு அத்தாட்சி.

மொய் இதில் ஒரு பகுதிதான். மதுரை, தேனிப் பக்கம் மொத்தத்தையும் செய்முறை என்பார்கள். தாய்மாமன் சீர் என்றால் மேளம், வேட்டு, வரிசைத் தட்டுகள், மாலை, கிடா என்று தெரு அடைத்துக்கொண்டு வரும். ஊரெல்லாம் செய்த செய்முறையைத் திரும்ப வாங்க வீட்டில் காது குத்தவோ கட்டிக் கொடுக்கவோ பிள்ளை இல்லை என்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: ‘வசந்த விழா’ என்று பத்திரிகை அடிப்பது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இதை இன்னும் வெளிப்படையாகவே செய்கிறார்கள். ஆடி, ஆவணியில் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்தும் மொய் விருந்தில் கறிச்சோறும் மொய்யும்தான். வேறு சடங்கு எதுவும் இல்லை.

பொருளாதாரக் கண்ணோடு பார்த்தால் இது வட்டியில்லாக் கடன். தவணை நாளைக் கொடுத்தவரும் குறிப்பதில்லை, வாங்கியவரும் குறிப்பதில்லை. கொடுத்தவர் வீட்டில் எப்போது பந்தல் போடுகிறார்களோ அன்றுதான் தவணை. பணம் அதிகம் தேவைப்படும் அதே நாளில் மொத்தமாக வந்து சேர்வதால் காப்பீட்டின் குணமும் இதில் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்து கிடையாது, ஜாமீன் கிடையாது, கோர்ட்டுக்குப் போவாரும் அநேகமாகக் கிடையாது. கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிச் செய்வது என்ற மூன்று கடமைகளில்தான் பல சமூகங்கள் கட்டப்பட்டிருக்கின்றன என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் எழுதினார். பாலினீசியாவையும் வட அமெரிக்கப் பழங்குடிகளையும் பற்றிய குறிப்புகளை வைத்துத்தான் அவர் அந்த முடிவுக்கு வந்தார். உசிலம்பட்டிக்கு ஒருமுறை வந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

மூன்றில் இரண்டாவது கடமை, அதாவது வாங்கிக்கொள்வது, பார்வைக்கு எளிது. உண்மையில் அதுதான் சங்கடமானது. இதைச் சோதித்துக் காட்டியது ஒரு விளையாட்டு. இரண்டு பேர், ஒருவரிடம் ஒரு தொகை தரப்படும். அதில் மற்றவருக்கு எவ்வளவு என்று அவர் சொல்ல வேண்டும். மற்றவர் ஒப்புக்கொண்டால் இருவருக்கும் பங்கு கிடைக்கும். மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் இல்லை. ஜோசப் ஹென்ரிக் உள்ளிட்ட மானிடவியலாளர்களும் பொருளியலாளர்களும் இதை 15 சிறு சமூகங்களில் நடத்தி 2001இல் முடிவை வெளியிட்டார்கள். பெரு நாட்டின் காடுகளில் குடும்பம் குடும்பமாகத் தனித்து வாழும் மச்சிகுவெங்கா மக்கள் சராசரியாக 26 சதவீதம்தான் கொடுக்க முன்வந்தார்கள், பெற்றுக்கொண்டவர்களும் முணுமுணுக்கவில்லை. இந்தோனேசியாவின் லமலேராவில் பெரிய படகுகளில் கூட்டமாகப் போய்த் திமிங்கலம் பிடித்து, கறாராகப் பங்கு பிரிக்கும் மக்கள் சராசரியாக 58 சதவீதம் கொடுத்தார்கள். பாதிக்கும் மேல்!

வியப்பு பாப்புவா நியூ கினியில்தான் காத்திருந்தது. அங்கே அவு, ஞாவ் என்ற இரண்டு இனத்தாரிடம் சிலர் பாதிக்கு மேல் தாராளமாகக் கொடுக்க முன்வந்தபோது, எதிரில் இருந்தவர்கள் வேண்டாம் என்று தள்ளினார்கள். கையில் வரும் பணத்தை ஒருவன் ஏன் மறுக்க வேண்டும்? லாபக் கணக்கு மட்டுமே தெரிந்த பொருளியலுக்கு இது புரியாத புதிர். போடி வட்டாரத்தில் யாரிடம் சொன்னாலும் ஒரு நொடியில் புரிந்துகொள்வார்கள். ‘சம்பந்தமே இல்லாம அவன் எதுக்கு அஞ்சாயிரம் எழுதினான்?’ என்று விசேஷ வீட்டில் ராத்திரி நடக்கும் பேச்சு அதுதான். அளவுக்கு மீறி வந்த மொய் சந்தோஷத்தோடு கவலையையும் கொண்டுவருகிறது. நியூ கினியிலும் பெரிய பரிசு என்றால் பெரிய கடமை. கொடுத்தவருக்குக் கட்டுப்பட்டுப் போக வேண்டிவரும். மறுத்தவர்கள் தங்கள் ஊர் வழக்கத்தின்படி புத்திசாலித்தனமாகவே நடந்திருக்கிறார்கள்.

பணத்தைவிட முக்கியமான வேறொன்றும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் கைமாறுகிறது: நம்பிக்கை. மானிடவியலாளர் எலினார் பவர் தென் தமிழகத்தின் இரண்டு கிராமங்களில் தங்கி இதை ஆராய்ந்தார். அவற்றுக்குத் தென்பட்டி, அழகாபுரம் என்று புனைபெயர் வைத்திருக்கிறார். அவசரத்துக்கு யாரிடம் கைமாற்று கேட்பீர்கள், பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவீர்கள், யோசனை கேட்க யாரிடம் போவீர்கள் என்று ஊராரிடம் கேட்டுக் கேட்டு, யாருக்கு யார் துணை என்ற வலையை வரைந்தார். கூடவே கோயில் வழிபாட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொண்டார். தவறாமல் கும்பிடப் போகிறவர்களுக்கும், உடலை வருத்தும் நேர்த்திக்கடன்களைச் செலுத்துகிறவர்களுக்கும் துணை நிற்கும் உறவுகள் கூடுதலாக இருந்தன. சொந்தம், சாதி போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்தத் தொடர்பு மறையவில்லை. 2017இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் இது வெளிவந்தது.

சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்கு அக்கினிச் சட்டி எடுத்துப் போகும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் உட்பொருள் எட்டும். கையில் எரியும் சட்டியோடு நடப்பவர் அம்மனுக்கு மட்டும் வாக்கைக் காப்பாற்றவில்லை. சொன்னால் செய்கிற ஆள் என்று தெருவே பார்க்கிறது. விரதம் இருந்து, வலியைத் தாங்கி, செலவும் செய்து சட்டி எடுப்பதை வேஷத்துக்காகச் செய்வது கடினம். அதனாலேயே அது நம்பத்தக்க அடையாளமாகிறது. பக்தியை இப்படிக் கணக்குப் போடுவது சிலருக்கு உறுத்தலாம். சட்டி எடுப்பவர் அந்தக் கணக்கோடுதான் எடுக்கிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. பார்ப்பவர்கள் மனதில் அது பதிகிறது என்பதுதான் பவரின் விளக்கம்.

நாலு பேர் இருப்பதால் உடம்புக்கு என்ன லாபம்? ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் 148 ஆய்வுகளை, அதாவது 3,08,849 பேரைப் பற்றிய தகவல்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம். புகைப்பதை விடுவதோடு ஒப்பிடத்தக்க விளைவு என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இங்கே ஒரு முரண். உலக மகிழ்ச்சி அறிக்கை ஆண்டுதோறும் எடுத்தாளும் கருத்துக்கணிப்புக் கேள்விகளில் ஒன்று: கஷ்டம் என்று வந்தால் எப்போது வேண்டுமானாலும் கைகொடுக்க உறவினரோ நண்பரோ உங்களுக்கு இருக்கிறார்களா? தனிமைக்குப் பேர்போன நார்டிக் நாடுகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ‘உண்டு’ என்கிறார்கள். மாமன், மச்சான், பங்காளி என்று நெருக்கியடித்து வாழும் இந்தியாவில் அந்தப் பங்கு மிகக் குறைவு. 2024 அறிக்கையில் 143 நாடுகளில் இந்தியா 126ஆவது இடத்தில் நின்றதை விளக்க எடுத்துக்கொள்ளும் காரணிகளில் இதுவும் ஒன்று. இந்திய உறவுகள் எல்லாம் வெறும் வெளிப்பூச்சா?

வறுமைக்கும் இதில் பங்கு உண்டு. உதவ மனமிருந்தும் கையில் இல்லாத சொந்தக்காரர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அதற்கு மேல், கேள்வியிலேயே ஒரு கோணல் இருக்கலாம் என்று சந்தேகிக்க இடம் தருகிறது ஒரு பரிசோதனை. ஷெல்லி டெய்லர், ஹீஜுங் கிம் ஆகியோர் அடங்கிய குழு 2007இல் அமெரிக்காவில் மாணவர்களைப் பதற்றம் தரும் வேலைகளில் இறக்கியது: மனக்கணக்கு போட வேண்டும், மேடைப்பேச்சு போலப் பேச வேண்டும். அதற்கு முன் ஒரு பிரிவினர் தங்களுக்கு நெருக்கமான கூட்டத்தைப் பற்றி நினைத்து எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் நெருங்கியவர்களிடம் உதவியும் யோசனையும் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். பிறகு உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோனை அளந்தார்கள். ஆசிய வம்சாவளி மாணவர்களுக்குத் தம் மக்களை நினைத்துக்கொண்டதே ஆறுதலாக இருந்தது. உதவி கேட்டு எழுதியபோது பதற்றம் கூடுதலாக இருந்தது. ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களிடம் இது அப்படியே தலைகீழ்.

உறவு அறுந்துவிடுமோ, அவர்களுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற தயக்கம்தான் கேட்கவிடாமல் தடுக்கிறது என்பது கிம் தரும் விளக்கம். கை நீட்டுவதை இழுக்காக நினைக்கும் ஊரில் இதை விளக்கவே வேண்டியதில்லை. மகளுக்குக் கல்யாணம் வைத்த தகப்பன் வீடு வீடாகப் போய் ஐந்நூறு, ஆயிரம் என்று கேட்டால் அது மானக்கேடு. அதே தகப்பன் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துவிட்டு வந்தால், அதே வீட்டார் அதே ஐந்நூறையும் ஆயிரத்தையும் மண்டபத்துக்குக் கொண்டுவந்து, எழுதச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டும் போவார்கள். செய்முறையின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, கேட்காமலே வந்து சேர்ந்தது. ‘உதவ ஆள் இருக்கிறதா’ என்று கருத்துக்கணிப்பாளர் கேட்கும்போது, கேட்டுப் பழகாதவர் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

இந்த ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு. அது எல்லோருக்கும் ஒரே விலை இல்லை. மேற்குக் கென்யாவில் பமேலா ஜாகியேலா, ஓவன் ஓசியர் இருவரும் கிராமத்தாரிடம் சிறு தொகை கொடுத்து, அதை எப்படி முதலீடு செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். கிடைத்த லாபம் மற்றவர்களுக்குத் தெரியவரும் என்றால் பெண்கள் பணத்தை மறைத்தார்கள். மறைப்பதற்காக நல்ல லாபத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். கண்ணில் படும் வருமானத்தில் 4 சதவீதத்தை உறவுக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வரியாகக் கட்ட வேண்டும் என்பதுபோல் இருந்தது அவர்களுடைய நடத்தை. நெருங்கிய சொந்தம் பக்கத்தில் இருந்தால் வரி இன்னும் கூடியது. ராசிங்காபுரத்தில் ஒரு மாதத்தில் ஐந்து பத்திரிகை வந்துவிட்டால் மகளிர் குழுவில் கடன் எடுத்து மொய் எழுதும் பெண்ணுக்கு இந்த ஆய்வைப் படித்துக் காட்டத் தேவையில்லை.

அதைவிடக் கொடிய விலை ஒன்றும் இந்த மண்ணில் கொடுக்கப்பட்டிருக்கிறது. பெண் பிறந்தால் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், பிரசவம் என்று பிறந்த வீட்டுச் செய்முறை நீண்டுகொண்டே போகும். வரதட்சணையோடு இந்தச் செலவுப் பயமும் சேர்ந்து உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கொலைக்குக் காரணமானதை 1980களின் நடுவில் பத்திரிகைகள் வெளிக்கொண்டுவந்தன. இதைத் தடுக்க 1992இல் சேலத்தில் அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் மதுரை, தேனி மாவட்டங்களுக்கும் வந்தது. உறவைக் கட்டிக் காக்கும் அதே வழக்கம், பிறந்த குழந்தை உறவில் சேருமுன்பே அதை வெளியே தள்ளியிருக்கிறது. பண்பாட்டைப் பற்றிப் பேசும்போது பெருமையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மொய் நோட்டுக்குச் சாதியும் உண்டு. வேலைக்குப் போகும் ஜீப்பில் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து மலையேறுகிறவர்கள், பெரும்பாலும் ஒருவர் நோட்டில் ஒருவர் இருப்பதில்லை. 1989இல் போடி வட்டாரத்தில் வெடித்த சாதிக் கலவரம் உயிர்களைக் குடித்தது. அதற்கு முன்பும் இரு தரப்பும் ஒரே சந்தைக்கும் ஒரே தோட்டத்துக்கும்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பேசிக்கொள்ளும் அன்றாடப் பழக்கம் மட்டும் கலவரத்தைத் தடுத்துவிடாது என்று அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்னே 2002இல் எழுதினார். கோழிக்கோட்டையும் அலிகாரையும், லக்னோவையும் ஹைதராபாத்தையும், சூரத்தையும் அகமதாபாத்தையும் இணை இணையாக ஒப்பிட்டது அவர் ஆய்வு. இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நடத்தும் வணிகர் சங்கம், தொழிற்சங்கம் போன்ற அமைப்புகள் இருந்த ஊர்கள் வதந்தியைத் தாங்கி நின்றன. சாதிக்கும் இது பொருந்தும் என்றால், ஒரே ஜீப்பைவிட, தெருக்களைத் தாண்டிச் சேரும் ஒரு மகளிர் குழு கூடுதலாக உதவக்கூடும்.

காப்பீடாகப் பார்த்தாலும் ஓட்டை இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் நொடித்தால் யார் யாருக்கு எழுதுவது? 2019 ஆகஸ்டில் இடுக்கிப் பக்கத்துப் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டு மூன்று வருஷத்தில் ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. நடுவில் 2020 ஊரடங்கு. கேரள எல்லை அடைபட்டு மலை வேலை நின்றது. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த வருஷம் விசேஷம் வைத்து, இருபது வருஷச் செய்முறையை வாங்க வேண்டியிருந்த குடும்பங்களுக்கு வருமானமும் இல்லை, வரவும் இல்லை. திருப்பூரிலோ சென்னையிலோ வேறு தொழிலில் இருக்கும் சம்பந்தி வீடு உள்ளவர்கள் கொஞ்சம் சமாளித்தார்கள்.

இப்போது வேறொரு கசிவு தொடங்கியிருக்கிறது. இந்தியக் கிராமங்களில் சாதி உறவுகள் தரும் காப்பீட்டை ஆராய்ந்த கைவன் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வைக் இருவரும் 2016இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். இந்த வலை கீழே இருப்பவர்களுக்குத்தான் அதிகம் தாங்கல். சொந்த சாதிக்குள் வசதி கூடியவர்களுக்கு லாபம் குறைவு, அதனால் ஊரைவிட்டு வெளியேறுவதும் அவர்கள்தான் அதிகம். அரசு சம்பளமோ பெங்களூரில் மகனோ உள்ள வீடுகளின் பத்திரிகையில் ‘அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி அச்சாவதை இந்தக் கண்ணோடும் பார்க்கலாம். வாங்காதவருக்குத் திருப்பிச் செய்யும் கடமை இல்லை. பார்வைக்குப் பெருந்தன்மை, கணக்குப்படி விலகல்.

அந்த வீட்டாரிடம் முன்பு மொய் வாங்கியவர்கள்பாடுதான் திண்டாட்டம். கையில் கவரோடு வந்து பார்த்தால் வாசலில் மேசையும் இல்லை, எழுத ஆளும் இல்லை. சிலர் மேடையேறி மாப்பிள்ளை கையில் திணிக்கிறார்கள். சிலர் நாலு நாள் கழித்து வீடு தேடிப் போய்க் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று மறுத்தால் விடுவதில்லை. “அதெல்லாம் இல்லண்ணே, எங்க பேரை மட்டும் நீங்க செஞ்ச கணக்குல அடிச்சு விட்டுருங்க” என்று நின்று, அடித்ததைப் பார்த்த பிறகே கிளம்புகிறார்கள்.